செலவழித்தால் சீட்டு: டிஜிட்டல் கிரிக்கெட் கார்டு குலுக்கல்கள் குறித்து ஓர் எச்சரிக்கை

கிரிக்கெட் வீரர்களின் டிஜிட்டல் கார்டுகளை விற்கும் ஒரு செயலி, தன் சந்தையில் ஒரு மாதத்துக்குள் செலவழிக்கும் ஒவ்வோர் ஆயிரம் ரூபாய்க்கும் ஒரு குலுக்கல் சீட்டு என்றும், வெல்பவருக்கு ஒரே ஒரு பிரதி மட்டுமே உள்ள கார்டு கிடைக்கும் என்றும் அறிவித்தது. அதற்காகவே நானும் கார்டுகள் வாங்கினேன். குலுக்கல் நாள் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் வெற்றியாளருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டுவிட்டது என்ற ஒற்றை வரியோடு முடிந்தது. மொத்தம் எத்தனை சீட்டுகள், எந்த முறையில் தேர்வு நடந்தது, வென்ற கணக்கு எது என்று எழுதிக் கேட்டதற்கு, அவற்றை வெளியிட இயலாது என்ற பதிலே வந்தது.

நம்மிடம் பத்துச் சீட்டு இருப்பதற்கு, மொத்தச் சீட்டுகள் நூறா லட்சமா என்று தெரியாதவரை எந்தப் பொருளும் இல்லை. கடைசி நாள்களில் ‘வாய்ப்பை இரட்டிப்பாக்குங்கள்’ என்று விடாமல் வந்த செய்திகள் எல்லாம், அந்த எண்ணை அறிந்தவர்கள் அறியாதவர்களுக்கு அனுப்பியவை. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பயனர்கள் தங்களுக்குள் செய்யும் மறுவிற்பனையையும் செலவாகக் கணக்கிடும் விதி இன்னும் மோசமானது. இரண்டு கணக்குகள் வைத்திருப்பவர் ஒரே கார்டைத் தனக்குத்தானே விற்று வாங்கி ஒரு லட்சம் ரூபாய்க்குச் செலவு காட்டலாம். சந்தைக் கட்டணம் 5 சதவீதம் என்றால், வரிப் பிடித்தம் நீங்கலாக, அவர் இழப்பது 5,000 ரூபாய். பெறுவது 100 சீட்டு. உண்மையாகவே கார்டு சேர்ப்பவருக்கோ அதே 100 சீட்டுக்கு ஒரு லட்சமும் கார்டுகளில் முடங்குகிறது. குலுக்கல் முடிந்ததும், சீட்டுக்காக வாங்கியவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் விற்க முனைவதால் விலையும் சரிந்துவிடுகிறது. பிளாக்செயின் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் டிஜிட்டல் பதிவேடு) வழி விற்கப்படும் கார்டு, வருமான வரிச் சட்டம் சொல்லும் மெய்நிகர் டிஜிட்டல் சொத்தாகக் கொள்ளப்பட்டால், 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. ஒரு கார்டில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனைக்கு 2003 முதல் தடை இருக்கிறது. பரிசு, அதிர்ஷ்டம், கட்டணம் மூன்றும் சேர்ந்தால் அது லாட்டரி என்பதால், அமெரிக்காவில் இத்தகைய குலுக்கல் நடத்துவோர் பணம் செலவழிக்காமலும் பங்கேற்க ஒரு வழி வைக்கிறார்கள். நான் பங்கேற்ற குலுக்கலின் விதிகளில் அப்படி எதுவும் இல்லை. பணம் போடும் முன் அந்த வழி இருக்கிறதா, சீட்டுப் பட்டியல் குலுக்கலுக்கு முன்பே வெளியிடப்படுமா, சொந்தக் கணக்குகளுக்கிடையிலான விற்பனை விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விதிகள் உள்ள பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் பார்த்த விதிகளில் ஒன்று பின்னர் சத்தமில்லாமல் மாற்றப்பட்டது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47), பரிசுத் திட்டம் முடிந்தபின் அதன் இறுதி முடிவுகளைப் பங்கேற்றவர்களிடமிருந்து மறைப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறையாகக் குறிப்பிடுகிறது. அதே பிரிவை மேற்கோள் காட்டி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகப் புகார் பதிந்திருக்கிறேன். அந்தக் குலுக்கலில் பங்கேற்ற மற்றவர்களும் தங்கள் ரசீதுகளோடு தனித்தனியே புகார் பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.