நடுவில் ஒரு சட்டி, சுற்றி நாலு பேர்

கடந்த சில மாதங்களாக நாங்கள் நாலு பேர் சேர்ந்து பெரும்பாலும் வார இறுதிகளில் நகரத்தில் இருக்கும் ஆசிய உணவகங்களுக்கு ஒன்று விடாமல் போய்க்கொண்டிருக்கிறோம். சீனா, கொரியா, வியட்நாம், ஜப்பான், தாய்லாந்து என்று ஒரு சுற்று முடிந்துவிட்டது. எங்களில் ஒருவன் எதையும் சாப்பிடுவான். ஒரு தோழி முழு சைவம், மீன் வாடைகூட ஆகாது. இன்னொருத்திக்குக் காரம் கொஞ்சம் கூடினாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நான் காரப் பிரியன். இப்படி நாலு திசையில் நிற்கிற நாலு பேர் ஒரே மேசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பேசி, வயிறும் மனசும் நிறைந்து எழுந்து வர முடிகிறதா? என் மதிப்பெண் எல்லாம் அதற்குத்தான். சுவையை மட்டும் பார்த்தால் வரிசை வேறு மாதிரி வந்திருக்கும்.

எனக்கு முதலிடம் ஹாட்பாட் கடைதான். சீனாவின் சிச்சுவான் மாகாணப் பாணி. மேசைக்கு நடுவில் அடுப்பு, அதன் மேல் அகலமான சட்டி, சட்டியை இரண்டாகப் பிரிக்கிற மாதிரி நெளிந்த ஒரு தகடு. ஒரு பக்கம் சிவப்பாக, மேலே காய்ந்த மிளகாய் மிதக்கக் கொதிக்கும் சாறு, மறுபக்கம் காளான் போட்ட தெளிவான சாறு. இந்த இரட்டைச் சட்டிக்கு சீனத்தில் யுவான்யாங் என்று பெயர். எப்போதும் ஜோடியாகவே காட்டப்படும் ஒரு வாத்து இனத்தின் பெயர் அது. காரம் ஆகாத தோழியும் நானும் ஒரே சட்டியில் சாப்பிட முடிந்தது அந்தத் தகட்டின் புண்ணியத்தால்தான்.

சிவப்புப் பக்கத்தின் சங்கதியே தனி. மாலா என்பார்கள்: மா என்றால் மரத்துப்போவது, லா என்றால் காரம். காரம் மிளகாயிலிருந்து வருகிறது, மரத்துப்போவது சிச்சுவான் மிளகிலிருந்து. பெயரில்தான் மிளகு, கருமிளகுக் கொடிக்கும் இதற்கும் உறவே இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வகையறாக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முள்மரத்துக் காயின் காய்ந்த தோல் இது. அதில் இருக்கும் சான்ஷூல் என்ற பொருள் உதட்டில் பட்டதும் மெல்லிய துடிப்பு ஒன்று ஓட ஆரம்பிக்கிறது. 2013-இல் லண்டனில் இருந்த ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள், நொடிக்கு ஏறக்குறைய 50 அதிர்வு போல நரம்பு உணர்கிறதாம். முதல் வாய் சாப்பிட்டபோது உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், நிஜமாகவே துடிக்கிறதோ என்று. முதல் தடவை போகிறவர்கள் மூன்று அளவில் நடு அளவுக் காரம் கேளுங்கள், அதுவே போதும் போதும் என்று இருக்கும்.

எதை எந்தப் பக்கம் போடுவது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு தடவை தேவைப்பட்டது. கீரையைச் சிவப்புப் பக்கம் போடாதீர்கள், மேலே மிதக்கிற மிளகாய் எண்ணெயை எல்லாம் அதுவே உறிஞ்சிக்கொண்டு வரும், வாயில் வைக்க முடியாது. உறையவைத்த டோஃபு (சோயாப் பாலில் செய்த பனீர் மாதிரி) மட்டும் சிவப்புக்கென்றே பிறந்தது. உறையும்போது உள்ளே சின்னச் சின்ன ஓட்டை விழுந்து பஞ்சு மாதிரி ஆகிவிடுவதால் சாறு முழுக்க உள்ளே இறங்கும், ஆனால் கடிக்கும் முன் ஊதி ஆற்றுங்கள். மாட்டு இரைப்பையை சாப்ஸ்டிக்கில் பிடித்தபடியே ஒரு பதினைந்து நொடி முக்கி முக்கி எடுக்க வேண்டும், விட்டுவிட்டால் ரப்பர். தாமரைத் தண்டின் மொறுமொறுப்பு சீக்கிரம் போகாது, அதனால் பேச்சு சுவாரசியத்தில் மறந்தாலும் பரவாயில்லை. உருளைக்கிழங்கும் நூடுல்ஸும் கடைசியில்தான். முன்னாடியே போட்டால் மாவு கரைந்து சாறு கூழாகிவிடும். தொட்டுக்கொள்ள எள் எண்ணெயில் நசுக்கிய பூண்டு, கொஞ்சம் உப்பு, கொத்தமல்லி. கொதிக்கிற துண்டை அதில் புரட்டினால் சூடும் தணிகிறது, காரமும் ஒரு படி இறங்குகிறது.

இந்த இடத்தை இவ்வளவு பிடித்ததற்கு ஒரு காரணம் சமையல் நம் கையில் இருப்பது. எந்நேரமும் யாராவது ஒருவர் எதையாவது சட்டியில் போட்டுக்கொண்டோ தேடிக்கொண்டோ இருக்கிறார்கள், "உன் காளான் வெந்துவிட்டது எடு" என்று ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், கைபேசி எடுக்கக் கை காலியில்லை. வேலை போன விஷயத்தை ஒரு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த நண்பன் இந்தச் சட்டியைக் கிண்டிக்கொண்டேதான் எங்களிடம் சொன்னான். முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

சைவத் தோழி விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். சிவப்புச் சாற்றின் அடிப்படை பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு, அதுதான் அந்த மணத்துக்கே காரணம். கேட்டால் தாவர எண்ணெயில் செய்ததும் சில கடைகளில் கிடைக்கும். நாங்கள் போன கடையில் பரிமாறுகிற பெண் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாமல், சமையலறைக்குள் போய் விசாரித்துவிட்டு வந்து, "காளான் சாறும் தக்காளிச் சாறும் இறைச்சி சேராதவை, மற்றது எதுவும் உங்களுக்கு வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்னார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அந்தக் கடைக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். அப்புறம், ஆளுக்கொரு சின்னச் சட்டி வைக்கிற இன்னொரு ஹாட்பாட் கடைக்கும் போனோம். தனிச்சட்டி என்றால் சேர்ந்து சாப்பிடும் சுகம் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் அன்றைக்குத்தான் சைவத் தோழி யார் கரண்டி எதில் பட்டது என்ற கவலையே இல்லாமல் சாப்பிட்டாள். சைவ நண்பர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் தனிச்சட்டிக் கடைக்கே போங்கள், தயங்க வேண்டாம்.

இரண்டாமிடம் கொரிய இறைச்சிக் கடைக்கு. இங்கேயும் மேசையில்தான் அடுப்பு, ஆனால் வாட்டுவது. பன்றியின் வயிற்றுப் பகுதி சம்கியோப்சால், கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக நீளத் துண்டாக வரும். வாட்டியதும் கத்தரிக்கோலால் துண்டு போடுவார்கள். சாப்பாட்டு மேசையில் கத்தரிக்கோலா என்று முதலில் விழித்தோம், இப்போது அதைப் போல வசதி வேறெதுவும் இல்லை என்று தோன்றுகிறது. லெட்யூஸ் இலையை உள்ளங்கையில் விரித்து, மேலே ஒரு கேநிப் (பெரில்லா என்ற வாசனைச் செடியின்) இலை, அதன் மேல் இறைச்சித் துண்டு, வாட்டிய பூண்டு, சோயாவும் மிளகாயும் சேர்ந்த சம்ஜாங் விழுது, எல்லாவற்றையும் மடித்து ஒரே வாயில் போட வேண்டும். கடித்துக் கடித்துச் சாப்பிட்டால் எல்லாம் கையில் கொட்டிவிடும். கேநிப்பின் வாசனை சிலருக்குப் பிடிக்காது, எனக்கு அது இல்லாவிட்டால் அந்த மடிப்பே பாதிதான். சாப்பாடு வருவதற்கு முன்பே மேசை நிறையச் சின்னக் கிண்ணங்களில் பஞ்சான் வந்துவிடும்: காரமாக நொதிக்கவைத்த முட்டைக்கோஸான கிம்சி, முளைகட்டிய பயறு, கீரை, ஊறவைத்த முள்ளங்கி. கொரிய வழக்கப்படி இவற்றுக்குத் தனியாகப் பணம் கிடையாது, தீரத் தீரக் கேட்கலாம். வெளிநாட்டுக் கடைகளில் எல்லாரும் இதைப் பின்பற்றுவதில்லை என்பதால் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

சைவத் தோழிக்கு இங்கே கஷ்டம். கிம்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாஸோ சேர்ப்பார்கள், பார்த்தால் வெறும் முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். இறைச்சி வாட்டிய வலையில் அவளுக்குக் காளான் வாட்டவும் முடியாது. சோற்றின் மேல் காய்கறி வைத்துக் கலந்து சாப்பிடும் பிபிம்பாப் ஒன்றை வைத்து அன்று சமாளித்தாள். இறைச்சி சாப்பிடுகிறவர்கள் மட்டும் போகும் நாளுக்கு இந்த இடத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை.

கொரியக் கடைகளில் மோசமான அனுபவமும் ஒன்று உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை. அங்கே மேசைக்கு மேலே தொங்குகிற புகை உறிஞ்சும் குழாய் வேலை செய்யவில்லை. இரண்டு தடவை சொன்னோம், "இதோ பார்க்கிறோம்" என்றார்கள், கடைசி வரை யாரும் வரவில்லை. கண் எரிந்து, பேச முடியாமல், பாதியில் எழுந்து வந்தோம். வலை கருகிய பிறகும் மாற்றித் தரவில்லை. கருகின வலையில் வாட்டினால் அடுத்த துண்டும் கசக்கும், நல்ல கடையில் கேட்காமலேயே மாற்றுவார்கள். இப்போதெல்லாம் உட்காருவதற்கு முன்பே பக்கத்து மேசைப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

வியட்நாமின் நூடுல்ஸ் சூப்பான ஃபோ விற்கும் கடையைப் பற்றி எனக்கு மன வருத்தமே இருக்கிறது, ஏனென்றால் சுவையில் மட்டும் பார்த்தால் அதுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது. மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து, தீயில் சுட்ட வெங்காயமும் இஞ்சியும் போட்டு, அன்னாசிப்பூவும் பட்டையும் சேர்த்த சாறு. மெல்லிய பச்சை மாட்டிறைச்சித் துண்டுகள் அந்தச் சாற்றின் சூட்டிலேயே வெந்துவிடுகின்றன. ஹனோய்ப் பக்கம் அதிகம் எதுவும் சேர்க்காமல் சாற்றின் ருசியை மட்டும் நம்புவார்கள். தெற்கே சைகோன் பாணியில் முளைப்பயறு, துளசி வகை இலை, எலுமிச்சை எல்லாம் ஒரு தட்டு நிறையத் தருவார்கள், சாறும் கொஞ்சம் இனிப்பாக இருக்கும். நாங்கள் போனது தெற்கத்திப் பாணிக் கடை. அருமை. ஆனால் ஆளுக்கொரு கிண்ணம், அரிசி நூடுல்ஸ் ஊறிப்போவதற்குள் சாப்பிட வேண்டும், நாலு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஜப்பானிய ராமன் நூடுல்ஸ் கடையும் இதே கதைதான், அங்கே இன்னும் மோசம், வெளியே ஆட்கள் காத்திருப்பதால் முடித்ததும் எழுந்துவிட வேண்டும். இரண்டும் தனியாகப் போக வேண்டிய இடங்கள். மனசு சரியில்லாத நாளில் ஒரு கிண்ணம் ஃபோ குடித்துப் பாருங்கள்.

தட்டுகள் பட்டையில் சுற்றி வரும் சுழலும் சுஷிக் கடைக்கு நண்பன் ஆசைப்பட்டுக் கூட்டிப் போனான். ஒசாகாவில் ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் பீர் ஆலையில் ஓடும் பட்டையைப் பார்த்து யோசனை பிறந்து, 1958-இல் இப்படி முதல் கடையைத் திறந்தார். அவருடைய பிரச்சினை ஆள் பற்றாக்குறை, குறைந்த ஆட்களை வைத்து நிறையப் பேருக்குப் பரிமாற வேண்டியிருந்தது. தட்டின் நிறத்தை வைத்து விலை, கடைசியில் அடுக்கை எண்ணிப் பணம் வாங்குவார்கள். பணக் கணக்கில் தகராறே வராது, அவரவர் அடுக்கு அவரவருக்கு. ஆனால் நாங்கள் உட்கார்ந்தது நீளக் கவுண்டரில், வரிசையாக நாலு பேர். நடுவில் இருந்தவர்கள் பேசினார்கள், ஓரத்தில் இருந்த நான் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரெதிரே உட்காரும் மேசை இருக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள், அப்போது இது நன்றாகவே இருக்கும். பட்டையில் ரொம்ப நேரமாகச் சுற்றுகிற தட்டை எடுக்காதீர்கள், திரையில் தொட்டுப் புதிதாகக் கேட்பதே மேல். சைவத்துக்கு வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய மக்கியும், இனிப்பு டோஃபு உறைக்குள் சோறு வைத்த இனாரியும் இருக்கின்றன, ஆனால் இனாரியின் உறையையும் பெரும்பாலும் மீன் சேர்ந்த தாஷிச் சாற்றில்தான் வேகவைப்பார்கள். மிசோ சூப்பிலும் அதே தாஷி. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

தாய் உணவகம் பெரிய கூட்டத்துக்கு வசதியானது. பாட் தாய் நூடுல்ஸ் எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று கேட்காமல், நடுவில் சோறு வைத்து, ஒரு பச்சைக் கறி, ஒரு டாம் யம் சூப், ஒரு பப்பாளிக்காய் சாலட், ஒரு வறுத்த கீரை என்று வாங்கி எல்லாரும் எடுத்துச் சாப்பிட்டால்தான் அந்தச் சாப்பாட்டின் புளிப்பும் காரமும் இனிப்பும் ஒன்றை ஒன்று தாங்கும். சாப்ஸ்டிக்கை அங்கே தேட வேண்டாம், தாய்லாந்தில் சோற்றுக்குக் கரண்டியும் முள்கரண்டியும்தான், சாப்ஸ்டிக் நூடுல்ஸுக்கு மட்டும். மீன் சாஸ் எல்லாவற்றிலும் இருக்கும், "இறைச்சி வேண்டாம்" என்றால் மட்டும் போதாது, மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது மூன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள். கறி விழுதை முன்கூட்டியே அரைத்து வைத்திருப்பார்கள் என்பதால் சில கடைகளில் அதை மட்டும் மாற்ற முடியாது. அதை நேராகச் சொன்ன கடையை நான் மதிக்கிறேன்.

எந்தக் கடையாக இருந்தாலும் மேசையைப் பதிவு செய்யும்போதே இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் உட்கார விடுவார்கள் என்பது ஒன்று, ஹாட்பாட், கொரியக் கடைகளில் கூட்ட நாளில் இதற்குக் கெடு வைப்பது உண்டு. பில்லைப் பிரித்துத் தருவார்களா என்பது இன்னொன்று. சாதா வார நாள் மாலையில் போனால் இரண்டுமே பெரும்பாலும் பிரச்சினை ஆகாது, ஹாட்பாட் கடையில் நாங்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சாறு வற்ற வற்ற அந்தப் பெண் கேட்காமலே வந்து ஊற்றிவிட்டுப் போனார்.