சத்து மாத்திரை: எந்தச் சான்றை நம்பி ஃபார்முலா எழுதுவது?

சத்து மாத்திரை தயாரிப்பவர் முன்னால் மூன்று வகைச் சான்றுகள் இருக்கின்றன. மக்களின் பழக்கங்களைப் பல ஆண்டுகள் பின்தொடரும் கண்காணிப்பு ஆய்வு ஒன்று. சத்தைக் கொடுத்து ரத்த அளவீடு மாறுகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் போலி மாத்திரை தந்து, நோயே குறைகிறதா என்று பார்ப்பது. இதற்குச் செலவும் காலமும் அதிகம். ஆனாலும் லேபிளில் பலனை எழுத இது ஒன்றே போதிய ஆதாரம் என்போம்.

ரத்தத்தில் பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் காய்கறி நிறமி) அதிகமுள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்காணிப்பு ஆய்வுகள் காட்டின. அவர்கள் காய்கறி நிறையச் சாப்பிடுபவர்கள், புகை குறைவாகப் பிடிப்பவர்கள். பலன் எதனால் வந்தது என்று பிரித்தெடுக்க வழியில்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் பீட்டா கரோட்டினைத் தினம் 20 மி.கி. மாத்திரையாகச் சோதித்தார்கள். 1994-இல் வெளியான முடிவில் அந்தப் புற்றுநோய் 18% கூடியிருந்தது.

ரத்த அளவீடும் இதேபோல் கைவிட்டதுண்டு. ஃபோலிக் அமிலமும் பி6, பி12 வைட்டமின்களும் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீனை (அதிகமானால் இதயநோயோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட அமினோ அமிலம்) குறைத்தன. 5,522 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில் மாரடைப்போ இதயநோய் மரணமோ குறையவில்லை. எந்த வேதிவடிவம் நன்றாக உறிஞ்சப்படுகிறது, எவ்வளவு போதும் என்று தீர்மானிக்க மட்டும் இந்த வழியைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது வழியின் அருமையைக் கண்ணின் மாக்குலா சிதைவுக்கான (விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிப் பார்வை மங்கும் நோய்) அமெரிக்க ஆய்வில் பார்க்கலாம். 2001-இல் வைட்டமின் சி 500 மி.கி., ஈ 400 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு), பீட்டா கரோட்டின் 15 மி.கி., துத்தநாகம் 80 மி.கி. சேர்ந்த கலவை, நோய் முற்றும் வாய்ப்பை ஏறத்தாழ 25% குறைத்தது. இவ்வளவு துத்தநாகம் தாமிரம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால் 2 மி.கி. தாமிரமும் அதில் இருந்தது. பலன் நோயின் இடைநிலையை எட்டியவர்களுக்கும், ஒரு கண்ணில் முற்றியவர்களுக்கும்தான். தொடக்க நிலையினருக்கு இல்லை. 2013-இல் வந்த இரண்டாம் ஆய்வு ஃபார்முலாவைத் திருத்தியது: பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டீன் 10, ஸியாக்ஸாந்தின் 2 மி.கி. (இரண்டும் தாவர நிறமிகள்). முன்பு புகைபிடித்தவர்களின் நுரையீரலுக்குப் பழைய கலவை ஆபத்து. ஒமேகா-3 சேர்த்தும் பார்த்தார்கள்; கூடுதல் பலன் இல்லை, விட்டுவிட்டார்கள். சந்தையில் இப்படி ஒரு பொருளைக் கைவிடும் துணிச்சல் அரிது!

இந்த வழிக்கும் எல்லை உண்டு. வைட்டமின் டி3 தினம் 2,000 ஐ.யு. கொடுத்த 25,871 பேர் ஆய்வில் புற்றுநோயோ இதயநோயோ குறையவில்லை. அவர்களைக் குறைபாடு பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே கடும் குறைபாடு உள்ளவருக்கு மாத்திரை வேண்டாம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஆய்வைப் படிக்கும்போதே யாருக்கு, எந்த வடிவம், எவ்வளவு, எத்தனை காலம் என்று குறித்துக்கொண்டு, அதே அளவை மாத்திரையில் வையுங்கள். ஒரே மாத்திரையில் அடங்காவிட்டால் இரண்டாகப் பிரியுங்கள், அளவைக் குறைக்காதீர்கள். வைட்டமின்கள் நாள்பட நாள்படச் சிதையும். காலாவதி நாளிலும் லேபிள் அளவு குறையாமல் இருக்கும்படி எவ்வளவு கூடுதலாகப் போடுவது என்பதை நிலைப்புச் சோதனையைக் கொண்டு முடிவு செய்யுங்கள். துத்தநாகம், தாமிரம் போன்ற தாதுக்கள் சிதையாது, அவற்றுக்கு அந்தக் கூடுதல் தேவையில்லை.