கேரி ஆன் அப் தி கைபர்: விருந்து மட்டும் ருசி

'கேரி ஆன்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் பட வரிசையின் 31 படங்களில் 1968இல் வந்த இதுதான் உச்சம் என்று பிரிட்டிஷ் ரசிகர்கள் சத்தியம் செய்கிறார்கள். நம்பி உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் உதடு கூட அசையவில்லை. பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி, "காமெடிப் படம்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து இந்தியாவின் வடமேற்கு எல்லை. பாவாடை கட்டிய ஸ்காட்லாந்துப் படை வீரர்கள் உள்ளே எதுவும் அணிவதில்லை என்ற நம்பிக்கையில்தான் எதிரிகள் அவர்களைக் கண்டு நடுங்குகிறார்கள். ஒருவன் உள்ளே ஜட்டி போட்டிருப்பது வெளியே தெரிந்துவிடுகிறது. பேரரசின் மானமே ஒரு ஜட்டியில் தொங்குகிறது! கதைக்கரு பிரமாதம்தான். ஆனால் கதாசிரியர் டால்பாட் ராத்வெல் அதை வசனமாக்கிய விதம் இருக்கிறதே, எல்லாம் இரட்டை அர்த்தம். ஆளுநர் பெயர் ரஃப் டைமண்ட், ராஜாவின் பட்டம் காசி. காசி என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் கக்கூஸ். ஒரு தடவை சரி. ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் சிரிக்க வேண்டுமாம்.

ராஜாவாக வரும் கென்னத் வில்லியம்ஸும் எதிரிப் படைத் தலைவனாக வரும் பெர்னார்ட் பிரெஸ்லாவும் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு வருகிறார்கள். கோபம்கூட வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. கைபர் கணவாய் என்று காட்டுவது வேல்ஸில் ஸ்னோடன் மலையடிவாரம். அந்தப் பச்சையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நியாயமாகச் சொன்னால், கடைசி விருந்துக் காட்சி அசல் சரக்கு. வெளியே பீரங்கி முழங்குகிறது, கூரைக் காரை பெயர்ந்து சாப்பாட்டு மேசையில் கொட்டுகிறது. ஆளுநராக வரும் சிட் ஜேம்ஸும் அவர் மனைவியாக வரும் ஜோன் சிம்ஸும் காதிலேயே வாங்காமல் சாப்பிடுகிறார்கள், வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். பாதிரியாராக வரும் பீட்டர் பட்டர்வொர்த் ஒருவர்தான் மனுஷனைப் போலப் பயப்படுகிறார். அங்கே நானும் வாய்விட்டுச் சிரித்தேன். காரணம் எளிது: அந்தக் கொஞ்ச நேரம் யாரும் சிரிக்க வைக்க மெனக்கெடவில்லை, மரியாதையாகச் சாப்பிடத்தான் மெனக்கெட்டார்கள். இயக்குநர் ஜெரால்ட் தாமஸ் படம் முழுக்க இப்படி எடுத்திருக்கக்கூடாதா?

வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டாம். எங்காவது சும்மா கிடைத்தால் நேராக விருந்துக்கு ஓட்டிப் பாருங்கள். முன்கதை தெரியாவிட்டாலும் ஒன்றும் குறையாது.