ஐ.டி.ஐ. சமையல் பயிற்சி: வேலைக்கு எடுப்பவரின் மதிப்பீடு

பத்தாம் வகுப்புக்குப் பின் ஓராண்டு பயிலும் ‘ஃபுட் புரொடக்‌ஷன் (ஜெனரல்)’ தொழிற்பிரிவில் தேறியவர்களை எங்கள் சைவ உணவகத்தில் தொடர்ந்து வேலைக்கு எடுத்து வருவதால், அந்தப் பயிற்சி எங்கள் அடுப்படிக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை எழுதுகிறேன்.

சுத்தத்தில் இவர்களைக் குறை சொல்ல இடமில்லை. சூடான பண்டத்தை 60 டிகிரி செல்சியசுக்கு மேலும், குளிர்ந்ததை 5 டிகிரிக்குக் கீழும் வைக்க வேண்டும் என்பதை யாரும் நினைவூட்டாமலே கடைப்பிடிக்கிறார்கள். பழுத்த அனுபவமுள்ள சரக்கு மாஸ்டர்களிடம் (உணவகத்தின் மூத்த சமையற்காரர்கள்) இந்தப் பழக்கத்தைக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கத்தி பிடிக்கும் முறையும் நன்று.

சிக்கல் அளவில் தொடங்குகிறது. நான்கு பேருக்கான செய்முறையில் பழகியவர், 40 லிட்டர் சாம்பார் வைக்கும்போது எல்லாவற்றையும் அப்படியே பெருக்கிவிடுகிறார். பெரிய அண்டாவில் கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு என்பதால் நீர் அந்த விகிதத்தில் வற்றுவதில்லை, சாம்பார் நீர்த்துப்போகிறது. ஒயிட் சாஸைக் கட்டி தட்டாமல் கிண்டத் தெரிந்தவருக்கு, மே மாதத்தில் சீக்கிரமே பொங்கி வழியும் இட்லி மாவு டிசம்பரில் விடிய விடியக் காத்திருந்தும் எழும்பாமல் நிற்பது புதிராக இருக்கிறது. ஸ்டோருக்கு இண்டென்ட் (தேவையான பொருட்களின் அளவுப் பட்டியல்) எழுதச் சொன்னாலும் தடுமாற்றம்தான்: ஒரு கிலோ அரிசி ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகும் என்ற கணக்கு கைவராதவரிடம் மதியச் சாப்பாட்டை ஒப்படைக்க முடியாது. பயிற்சி நிலையமே தன் மாணவர்களுக்கான உணவகத்தை அவர்கள் கையில் விட்டால் இந்தக் குறைகளில் பாதி தீரும் என்பது என் கருத்து.

பழி முழுவதும் பயிற்சிக்கு உரியதன்று. களப்பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை முழுக் காலமும் வெங்காயம் உரிக்க உட்கார வைக்கும் உணவகங்கள், பிறகு ‘கேட்டரிங் படித்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று சலித்துக்கொள்வது நியாயமாகாது. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி தொழிற்பழகுநராக (அப்ரெண்டிஸ்) எடுத்து, உதவித்தொகை கொடுத்து, முறையாகப் பழக்கும் வழியும் இருக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். நாளைக்கே தோசைக்கல்லில் நிற்க ஆள் வேண்டுமென்போர் இவர்களை எடுக்க வேண்டாம்; மூன்று மாதம் சரக்கு மாஸ்டர் பக்கத்தில் நிறுத்திப் பழக்க மனமுள்ளவர்கள் தயங்காமல் எடுக்கலாம்.