ஹிர்ஷ்ஹார்ன் புல்வெளியில் ஒரு சிவப்பு இரும்புச் சிற்பம்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்துக்கு வருபவர்களில் பலர், உருளை வடிவக் கான்கிரீட் கட்டடத்துக்குள் நுழையும் அவசரத்தில், வெளியே நிற்கும் சிவப்பு உத்திரங்களை ஒரு பார்வையோடு கடந்துவிடுகிறார்கள். மார்க் டி சுவேரோ 1967இல் உருவாக்கி, கவிஞர் மேரியன் மூருக்குக் காணிக்கையாக்கிய அரூபச் சிற்பம் அது. உள்ளே இருக்கும் பல படைப்புகளுக்குத் தரும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் தரலாம் என்பது என் உறுதியான கருத்து.

இதன் உயரம் சுமார் 40 அடி. பாலங்களும் தொழிற்கூடங்களும் கட்டப் பயன்படும் ஆங்கில ‘I’ எழுத்து வடிவ எஃகு உத்திரங்களே மூலப்பொருள். முழுக்க அவற்றைக் கொண்டே டி சுவேரோ செய்த முதல் சிற்பம் இது. தொலைவிலிருந்து பார்க்கையில், பாதியில் நின்றுபோன கட்டடத்தின் எலும்புக்கூடு போலத் தெரிவதை மறுக்க முடியாது. சாலையோரமாக நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அதற்குமேல் எதுவும் கிடைக்காது.

அருகே சென்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆங்கில ‘V’ வடிவில் இணைந்த உத்திரங்கள் எஃகு வடத்தில் தொங்குவதும், காற்று சற்றுப் பலமாக வீசினால் அந்தப் பெரும் எடை மெல்ல அசைந்து திரும்புவதும் அப்போதுதான் தெரியும். உத்திரத்தின் முனையைப் பின்னாலுள்ள கட்டடத்தின் விளிம்போடு ஒப்பிட்டபடி சற்றுப் பொறுத்து நின்றால், மிக மெதுவான அந்த நகர்வும் கண்ணுக்குப் பிடிபடுகிறது. உத்திரங்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களைச் சிற்பி மறைக்கவில்லை. எது எதைத் தாங்குகிறது என்பதைக் கண்ணாலேயே தொடர்ந்து போகலாம்.

இடிக்கப்பட்ட கட்டடங்களின் மரங்களைக் கொண்டு சிற்பம் செய்துவந்த டி சுவேரோ, 1960இல் நேர்ந்த லிஃப்ட் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இனி நடப்பதே அரிது என்ற நிலையிலிருந்து மீண்டவர். வெல்டிங் கற்றுக்கொண்டு, கிரேனைத் தாமே இயக்கி உத்திரங்களைத் தூக்கி நிறுத்தும் முறைக்கு அதன் பிறகே அவர் வந்தார். எடையின் கொடுமையைத் தம் உடம்பிலேயே அனுபவித்த ஒருவர், அத்தனை டன் எஃகை இவ்வளவு நிதானமாகக் காற்றில் தொங்கவிட்டிருப்பது என்னை ஆழமாகத் தொடுகிறது.

ஒரே இடத்தில் நிற்காமல் முழுதாகச் சுற்றி வாருங்கள். ஒரு பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும் உத்திரங்கள் மறுபக்கத்தில் அகல விரிந்து வானத்துக்கு வழிவிடுகின்றன. காற்றில்லாத நண்பகலில் பார்த்தால் பாதிச் சிற்பத்தைத்தான் பார்த்ததாகும். அனுமதிக் கட்டணம் எதுவும் இல்லை என்பதால், காற்றடிக்கும் வேறொரு நாளில் மறுபடி வருவதற்குத் தயங்க வேண்டியதில்லை.