தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்டோயிக் வகுப்பு

தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், ஒரு பழைய வீட்டின் மாடியில், ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஆறு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நடந்த, பண்டைய கிரேக்கத்தில் தோன்றிய ஸ்டோயிக் தத்துவத்தைப் பற்றிய வகுப்பில் நான் கலந்துகொண்டேன். குறிப்பேடும் தேநீரும் சேர்த்துக் கட்டணம் 600 ரூபாய். மன அமைதி தருவதாகச் சொல்லும் வகுப்புகளுக்கு நம் பகுதியிலும் இப்போது பஞ்சமில்லை என்பதால், இதை மட்டும் ஏன் பரிந்துரைக்கிறேன் என்று சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதல் நாள் ஸீனோவின் கதையோடு தொடங்கியது. சைப்ரஸ் தீவைச் சேர்ந்த வணிகரான அவர், கப்பல் உடைந்து சரக்கை இழந்து ஏதென்ஸ் வந்து சேர்ந்தார் என்பது மரபு. கி.மு. 300ஐ ஒட்டி, ஓவியங்கள் தீட்டப்பட்ட ஒரு தூண் மண்டபத்தில் அவர் பாடம் சொல்லத் தொடங்கினார். ‘ஸ்டோவா’ என்ற அந்த மண்டபத்தின் பெயரே தத்துவத்துக்கும் நிலைத்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டு விசைப்படகு டிரைவர் ஒருவரும் வகுப்புக்கு வந்திருந்தார். கலம் உடைந்த செய்தியை அவர் கேட்டுக்கொண்ட விதம் எங்கள் எல்லோரையும் கதைக்குள் இழுத்துவிட்டது.

அடிமையாகப் பிறந்து பின்னாளில் ஆசிரியரான எபிக்டெட்டஸ், நம் கையில் இருப்பவை எவை, இல்லாதவை எவை என்று பிரித்துப் பார்ப்பதையே பயிற்சியின் முதற்படியாக வைத்தார். இதை விளக்க ஆசிரியை ஸ்டோயிக்குகளின் வில்லாளி உவமையை எடுத்துக்கொண்டார்: குறி பார்ப்பதும் நாணை இழுப்பதும் வில்லாளியின் வேலை, அம்பு கையை விட்டுப் போன பின் நேர்வது அவன் பொறுப்பன்று. உடனே அந்த டிரைவர், “வெறும் படகோட திரும்பினா, டீசலுக்குக் கடன் குடுத்தவர்கிட்ட இந்த வில்லாளி கதைய சொல்ல முடியுமா டீச்சர்?” என்று கேட்டார். அவர் கேள்வியை ஆசிரியை தட்டிக்கழிக்கவில்லை. பணமும் உடல்நலமும் ஒருவரை நல்லவராகவோ கெட்டவராகவோ ஆக்குவதில்லை என்றாலும், அவை நாடத்தக்கவை என்பதைப் பெரும்பாலான ஸ்டோயிக்குகள் ஒப்புக்கொண்டார்கள் என்றும், கடனை அடைக்க முயல்வதை அவர்கள் தடுக்கவில்லை, அதற்காக நேர்மையை விற்பதையே தடுத்தார்கள் என்றும் பொறுமையாக விளக்கினார்.

நான்காம் வாரம்தான் இந்த வகுப்பின் உண்மையான மதிப்பு எனக்குப் புரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது, வலைகளும் படகுகளும் பாழானதை நேரில் கண்ட ஒரு பெண்மணி அன்று எழுந்தார். கையில் இல்லாததைப் பற்றிக் கவலைப்படாதே என்பது, எங்களைப் போன்றவர்களை வாய்மூடி இருக்கச் சொல்வதாகாதா என்று கேட்டார். நானும் பல நாட்களாக மனத்தில் வைத்திருந்த கேள்வி அது. ஸ்டோயிக்குகள் போற்றிய அறிவு, துணிவு, நீதி, தன்னடக்கம் என்ற நான்கில் நீதியை விட்டுவிட்டு அமைதியை மட்டும் எடுத்துக்கொள்வது தவறு என்று சொன்ன ஆசிரியை, எபிக்டெட்டஸ் தம் மாணவர்களுக்குக் கூறிய ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் என்பவரின் கதையைச் சொன்னார். ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் அவரைச் செனட் அவைக்கு வராதே என்றபோது, உறுப்பினராக இருக்கும்வரை வருவது என் கடமை என்றார். வந்தாலும் பேசாதே என்றபோது, கருத்துக் கேட்டால் சரியெனப் பட்டதைச் சொல்லியாக வேண்டும் என்றார். கொன்றுவிடுவேன் என்றபோது, கொல்வது உங்கள் பங்கு, நடுங்காமல் சாவது என் பங்கு என்றார். பின்னர் அவர் நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். மனு எழுதுவதும் கூட்டத்தில் பேசுவதும் நம் கையில் இருப்பவற்றைச் சேர்ந்தவை என்பது இதன்பின் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பயிற்சிகளில் எனக்கு உதவியது, ரோம ஸ்டோயிக் அறிஞர் செனெகா விளக்கணைத்த பிறகு செய்துவந்ததாக எழுதிய இரவுத் தணிக்கைதான், அதாவது அன்றைய நடத்தையைத் தானே சோதித்துப் பார்ப்பது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் மணிக்கணக்கில் நிற்கும்போது, நெரிசலுக்குக் காரணமே இல்லாத ஓட்டுநர்களிடம் கைப்பேசியில் கத்துவது என் வழக்கமாக இருந்தது. அன்றன்று கத்தியதை இரவில் எழுதி வைத்ததில் முதல் வாரம் பதினோரு முறை, கடைசி வாரம் நான்கு முறை. அந்த நான்கில் ஒன்றுக்கு மறுநாளே மன்னிப்பும் கேட்டேன்.

குறைகளும் உண்டு. உலகை ஓர் அறிவு நடத்துகிறது என்ற ஸ்டோயிக்குகளின் நம்பிக்கையை வகுப்பு ஏறக்குறைய விட்டுவிட்டது. அது இல்லாமல், நேர்வதை விரும்பி ஏற்க அவர்கள் சொன்னதன் வேர் விளங்காது. நீரோவின் ஆலோசகராக இருந்து பெருஞ்செல்வம் சேர்த்த செனெகாவின் வாழ்க்கையையும், கி.பி. 65இல் அதே நீரோவின் ஆணையால் அவர் உயிரை மாய்த்துக்கொண்டதையும் பத்து நிமிடத்தில் முடித்திருக்க வேண்டியதில்லை. மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால், கீழ் அறையில் உட்கார இடம் செய்து தருகிறார்கள்.