நோலன் ரயனா, சாண்டி கோஃபாக்ஸா?

பேஸ்பால் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால், இந்த இரண்டு பிட்சர்களில் (பந்து வீசுபவர்களில்) யார் பெரியவர் என்ற சண்டை வந்துவிடும். ரயன் 27 சீசன் ஆடினார். 5,714 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அடிப்பவரை அவுட்டாக்குவது), 7 நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்). ஏழாவதை வீசியபோது வயது 44! ஆனால் 2,795 வாக் (நான்கு தவறான பந்து வீசி, அடிப்பவரைச் சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்புவது) கொடுத்தவரும் அவரே. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

கோஃபாக்ஸ் ஆடியது 12 சீசன்தான். ஆனால் சை யங் மூன்று. ஆட்டம் முடிந்ததும் இடது முழங்கையை ஐஸ் தண்ணீரில் முக்கிவைப்பார். சாம்பியன் யார் என்று முடிவுசெய்யும் உலகத் தொடரில், 1965-இல், கடைசியான ஏழாவது ஆட்டத்துக்கு இரண்டே நாள் ஓய்வோடு வந்தார். வளைவுப் பந்து சரியாக விழவில்லை. பெரும்பாலும் வேகப்பந்தையே நம்பி, எதிரணிக்கு ஒரு ரன்கூடத் தரவில்லை. அடுத்த ஆண்டு, 30 வயதில், விலகிவிட்டார்.

அத்தனை வருடம் தாங்கியது பெரிய விஷயம்தான், சரி. ஆனாலும் தோற்றால் எல்லாம் போச்சு என்கிற ஆட்டத்தில் நான் பந்தைக் கொடுப்பது கோஃபாக்ஸிடம்தான்.